படைத்தலும் காத்தலும்: கைக்கடிகார இயக்கங்கள் எழுப்பும் ஒரு தத்துவ வினா

கைக்கடிகாரத்தின் உள்ளிருந்து முட்களை ஓட்டும் பொறித்தொகுதி தொழில்நுட்ப வழக்கில் இயக்கம் என்றும் பழுதுபார்ப்போர் பேச்சில் மெஷின் என்றும் வழங்கப்படுகிறது. இன்று விற்பனையில் உள்ள இயக்கங்களுள் முட்களைக் கொண்டவை பெரும்பாலும் இரண்டு இனங்களில் அடங்கும். முறுக்கிய சுருள்வில்லின் விசையால் ஓடும் எந்திர இயக்கம் ஒன்று, மின்னாற்றலால் அதிரும் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வுகளை எண்ணி ஓடும் குவார்ட்ஸ் இயக்கம் மற்றொன்று. சுவிட்சர்லாந்தின் அதிகாரபூர்வக் குரோனோமீட்டர் சோதனை நிறுவனம், தன் சான்றிதழைப் பெறவரும் எந்திர இயக்கம் நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடி பின்தங்கலாம் அல்லது 6 நொடி முந்தலாம் என எல்லை வகுத்திருக்கிறது. தேர்ந்த இயக்கங்களே அந்த எல்லைக்குள் நிற்கின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரமோ ஒரு மாதம் முழுவதற்கும் சேர்த்தே ஏறத்தாழ 15 நொடிதான் பிறழ்கிறது. ஆயினும் முன்னது பின்னதைவிட நூறு மடங்கும் ஆயிரம் மடங்கும் விலைபெறுகிறது. நேரத்தைச் சரியாகக் காட்டுவதே கடிகாரத்தின் தொழில் எனில், அத்தொழிலைக் குறைவாகச் செய்யும் ஒன்று எவ்வாறு உயர்ந்ததாகக் கருதப்படலாம் என்பதே இங்கு ஆராயப்படும் வினா. பகட்டு என்ற விடை உடனே தோன்றும். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் எவரிடமும் காட்டிப் பெருமைகொள்ள வழியற்ற பழைய சாவி கொடுக்கும் கடிகாரத்தை, அது அன்றாடம் சில நொடி பிந்துவதை அறிந்தும், ஒருவர் ஓடும் நிலையிலேயே வைத்துக்கொள்ள விரும்புவதைப் பகட்டு விளக்காது. ஆகவே இவ்வினாவுக்கு விடைகாண, காலத்தைப் பற்றியும் பொருளைப் பற்றியும் ஆக்கியோனின் கடமையைப் பற்றியும் தத்துவ மரபுகள் கூறியவற்றுக்குள் செல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் இவ்விரண்டு இயக்கங்களும் செயற்படும் முறை தெளிவாக வேண்டும். எந்திர இயக்கத்தில், பக்கவாட்டுத் திருகைச் சுழற்றிச் சாவி கொடுக்கும்போது, சிறு உருளைப் பேழையினுள் உள்ள முதன்மைச் சுருள்வில் இறுகி ஆற்றலைச் சேமிக்கிறது. அது மெல்லத் தளரும்போது வெளிப்படும் விசை பற்சக்கர வரிசையின் வழியே சென்று, பேலன்ஸ் சக்கரம் எனப்படும் சிறு வளையத்தை அடைகிறது. ஹேர் ஸ்பிரிங் எனப்படும் மயிரிழை போன்ற சுருளால் பிணிக்கப்பட்ட அவ்வளையம் ஒருபுறம் சுழன்று, சுருளின் இழுப்பால் மறுபுறம் திரும்பி, ஓயாமல் அலைகிறது. பற்சக்கரங்கள் கட்டற்று ஓடித் தீர்ந்துவிடாமல், வளையத்தின் ஒவ்வொரு முழு அலைவுக்கும் ஒரு பல் மட்டுமே நகரும்படி தடுத்தும் விடுத்தும் வரும் உறுப்புக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். கடிகாரத்தில் கேட்கும் டிக் ஓசை அங்குதான் பிறக்கிறது. டச்சு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1656-இல் ஊசல் கடிகாரத்தையும் 1675-இல் சுருளால் கட்டுப்பட்ட பேலன்ஸ் சக்கரத்தையும் அமைத்தார். பின்னதை முதலில் எண்ணியவர் தாமே என ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக் வழக்காடினார். அந்த அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை. இன்றைய எந்திரக் கைக்கடிகாரங்கள் பலவற்றில் வளையம் நொடிக்கு நான்கு முழு அலைவுகள் அலைகிறது. அலைவுக்கு இரண்டு துடிப்பாக மணிக்கு 28,800 துடிப்புகள் ஆகின்றன.

குவார்ட்ஸ் இயக்கத்தின் வேர் 1880-இல் இருக்கிறது. அந்த ஆண்டில் பிரெஞ்சுச் சகோதரர்களான ழாக் கியூரியும் பியேர் கியூரியும், சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் மேற்பரப்பில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். மின்னழுத்தம் தந்தால் அப்படிகம் உருமாறி அதிரும் என்பது அடுத்த ஆண்டில் உறுதியாயிற்று. இதுவே அழுத்தமின் விளைவு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் 1927-இல் அவ்விளைவைக் கொண்டு முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை உருவாக்கினார். ஓர் அறையின் பெரும்பகுதியை அடைக்கத்தக்க அதன் அமைப்பு மணிக்கட்டில் அடங்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்றைய வழக்கமான குவார்ட்ஸ் இயக்கத்தில், இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. ஆகையால் மின்சுற்று அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு எஞ்சுகிறது, அத்துடிப்பு சிறு மோட்டார் ஒன்றைத் தூண்டி நொடி முள்ளை ஒரு படி நகர்த்துகிறது.

இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், ஆற்றலைத் தருவது, ஒழுங்காக அலைவது, அலைவை எண்ணுவது, எண்ணியதைக் காட்டுவது என்னும் நான்கு உறுப்புகளும் இரண்டிலும் உள்ளன என்பது விளங்கும். எண்ணும் வேலையை எந்திரத்தில் பற்களும் குவார்ட்ஸில் மின்சுற்றும் செய்கின்றன என்பதே வேறுபாடு.

இந்த ஒப்புமை காலம் பற்றிய பழைய விவாதம் ஒன்றுக்கு நேரே கொண்டுசெல்கிறது. அரிஸ்டாட்டில் தம் இயற்பியல் நூலின் நான்காம் பகுதியில், முன் பின் என்ற முறையில் இயக்கத்தை எண்ணும்போது கிடைக்கும் எண்ணே காலம் என்று வரையறுத்தார். அதனோடு நில்லாமல், எண்ணுவதற்கு ஓர் ஆன்மா இல்லாவிடில் காலம் இருக்குமா என்ற கேள்வியையும் அங்கேயே எழுப்பினார். கடிகாரத்தை எண்ணும் கருவி என்று கூறுவது எளிது. ஆனால் பற்சக்கரம் நகர்வதும் மின்சுற்று நிலைமாறுவதும் அவர் கருதிய பொருளில் எண்ணுதல் ஆகா. ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்பவற்றை முன் என்றும் பின் என்றும் பற்றிக்கொள்ளும் அறிவு அவற்றில் இல்லை. முகப்பைப் பார்த்து மணி ஐந்தாயிற்று என்று உணர்பவரிடத்தில்தான் எண்ணுதல் நிறைவுறுகிறது. இந்த அளவில் விலையுயர்ந்த எந்திரமும் மலிவான குவார்ட்ஸும் ஒரே நிலையில் நிற்கின்றன.

புனித அகஸ்தீன் இன்னும் ஆழமாகச் சென்றார். தம் ஒப்புதல் நூலின் பதினோராம் பகுதியில், வானத்து ஒளிக்கோள்களின் இயக்கமே காலம் என்ற கருத்தை மறுக்கும் அவர், அக்கோள்கள் நின்றுபோய்க் குயவனின் சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தால் அச்சுழற்சிகளை அளக்கும் காலம் இராதோ என்று வினவினார். எந்த இயக்கத்தையும் காலத்தின் அளவுகோலாக ஏற்கலாம், ஆனால் எந்த இயக்கமும் காலமே ஆகிவிடாது என்பது அதன் கருத்து. இந்திய மரபில் வைசேடிகர் இதனை ஒத்த நிலைக்கு வேறு வழியில் வந்தனர். அவர்கள் கொண்ட ஒன்பது திரவியங்களுள் காலமும் ஒன்று; அது ஒன்றே, என்றும் உள்ளது, எங்கும் நிறைந்தது, முந்தியது பிந்தியது என்றும் விரைவு தாமதம் என்றும் தோன்றும் உணர்வுகளால் அனுமானிக்கப்படுவது. அந்த ஒன்றைக் கணம், நாழிகை, நாள் எனப் பகுத்துக் காண்பது சூரியனின் இயக்கம் முதலிய உபாதிகளால், அதாவது பொருளின் இயல்பைச் சேராமல் புறத்தே நின்று அதை வரையறுத்துக் காட்டும் துணைகளால் ஆகிறது. சைவ சித்தாந்தமோ காலத்தை என்றுமுள்ள திரவியமாக ஏற்காமல், அசுத்த மாயையிலிருந்து தோன்றி, உயிரின் அனுபவத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என வரையறுக்கும் தத்துவமாகக் கொள்கிறது. தோன்றியதாகையால் அது நித்தியமன்று, சடமாகையால் தானே தொழிற்படாது. இம்மூன்று கொள்கைகளும் ஒன்றோடொன்று உடன்படாதவை. எனினும் கைக்கடிகார வினாவைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே தீர்ப்பைத் தருகின்றன: அலையும் வளையமும் அதிரும் படிகமும் உபாதிகளே; இரண்டில் ஒன்று காலத்துக்கு மிக நெருங்கியது, மற்றொன்று விலகியது என்று கூற இடமில்லை.

இதற்கு மாறாக, எந்திரக் கடிகாரத்தின் நொடி முள் வழுக்கிச் செல்வதால் அது காலத்தின் ஒழுக்கைக் காட்டுகிறது என்றும், குவார்ட்ஸின் முள் தாவித் தாவிச் செல்வதால் காலத்தைத் துண்டாடுகிறது என்றும் ஒரு வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. அது நிற்காது. எந்திரத்தின் முள்ளும் நொடிக்கு எட்டுத் தாவலாகத்தான் செல்கிறது. கண்ணுக்கு அது புலப்படுவதில்லை என்பது கண்ணின் எல்லையே ஆகும். மேலும் இன்று நொடி என்பதன் வரையறையே 1967 முதல் சீசியம் அணுவின் கதிர்வீச்சில் 9,192,631,770 அலைவுகள் என்ற எண்ணாக நிற்கிறது. ஒரு கடிகாரம் சரி என்பதன் பொருள், அதன் அலைவு இன்னோர் அலைவோடு ஒத்துப்போகிறது என்பதுதான்; காலத்தையே எடுத்து அருகில் வைத்து ஒப்பிட்டவர் எவருமில்லை.

அவ்வாறாயின் மதிப்பின் வேற்றுமை எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்றில் தேட வேண்டும். ஹைகன்ஸின் காலம் முதல் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கடிகாரக் கலையின் நோக்கம் ஒன்றே: பிழையைக் குறைப்பது. வெப்பத்தால் உலோகம் தளர்வதால் வரும் பிழையைக் களைய வழிதந்த நிக்கல் எஃகுக் கலவைகளுக்காகச் சுவிஸ் நாட்டவரான சார்ல் எதுவார் கியோம் 1920-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசே பெற்றார். அந்த நெடிய முயற்சியின் முடிவு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் நூஷாத்தேல் நகரிலிருந்த மின்னணுக் கடிகார மையம் 1967-இல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் முன்மாதிரியை உருவாக்கியது; ஜப்பானின் செய்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25 அன்று அஸ்ட்ரான் என்ற பெயரில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை 4,50,000 யென். அன்றைய ஜப்பானில் அத்தொகைக்கு ஒரு கார் வாங்கலாம். மாதத்துக்கு 5 நொடிக்குள் பிழை என்ற அதன் துல்லியம், அன்றாடப் பயன்பாட்டில் எந்திரக் கைக்கடிகாரங்கள் எட்டாத எல்லையாக இருந்தது. பத்தாண்டுகளில் அத்துல்லியம் எவரும் வாங்கத்தக்க விலைக்கு இறங்கியது. 1970-ஐ ஒட்டி ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலையளித்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980-களின் நடுவில் அதன் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியவர்களே எஞ்சினர். சுவிஸ் பிராங்கின் மதிப்பு உயர்ந்ததும் அவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம்.

அந்த ஆண்டுகளின் நிகழ்வு ஒன்றில் இவ்வினாவின் உட்பொருள் வெளிப்படுகிறது. ல லோக்கல் ஊரிலுள்ள ஜெனித் நிறுவனம் 1969-இல் எல் பிரிமெரோ என்ற, மணிக்கு 36,000 துடிப்புள்ள நிறுத்துக்கடிகார இயக்கத்தை வெளியிட்டது. நிறுவனத்தின் அன்றைய அமெரிக்க உரிமையாளர்கள் 1975-இல் எந்திர இயக்கங்களின் உற்பத்தியை நிறுத்தி அதற்கான கருவிகளை அகற்ற ஆணையிட்டபோது, சார்ல் வெர்மோ என்ற தொழிலாளர், வெட்டச்சுகளையும் வரைபடங்களையும் கருவிகளையும் ஆலையின் மேல்மாடத்தில் ஒளித்துவைத்து, ஒவ்வொன்றையும் குறிப்பெழுதிக் காத்தார். 1984-இல் உற்பத்தி மீண்டும் தொடங்கியபோது அவர் காத்தவை கொண்டே அது இயன்றது. வெர்மோ எதைக் காத்தார் என்று கேட்டால், துல்லியத்தை என்று கூற முடியாது. துல்லியத்தில் அன்று குவார்ட்ஸ் வென்றுவிட்டது. ஒரு பொருளை மீண்டும் ஆக்கவும் திருத்தவும் மனிதருக்கு இருந்த அறிவையும் வழியையும் அவர் காத்தார். மதிப்பின் மூலத்தைத் தேடுவோர் இச்செயலைக் கூர்ந்து நோக்குவது தகும்.

எந்திர இயக்கம் மீண்டெழுந்தபின் அதன் சிறப்புக்குச் சொல்லப்பட்ட காரணம் வேறாயிற்று. அதற்கு உயிர் உண்டு, அதன் பேலன்ஸ் சக்கரம் இதயம்போல் துடிக்கிறது, குவார்ட்ஸோ உயிரற்ற மின்பொறி என்ற பேச்சு பரவியது. இக்கருத்து பலருடைய உண்மையான உணர்விலிருந்து எழுவது. ஆயினும் ஆராய்ந்தால் அது எந்தப் பக்கத்திலும் நிலைபெறுவதில்லை. துடிப்பே உயிரின் அடையாளமாயின் படிகம் நொடிக்கு 32,768 முறை துடிக்கிறது. அணிபவரின் கையசைவால் தானே சாவி ஏற்றிக்கொள்ளும் தானியங்கி இயக்கம் மனித உடலின் ஆற்றலில் பங்குபெறுகிறது என்றால், கையசைவையே மின்னாற்றலாக்கும் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்கோ 1988-இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. பொருளின் இயல்பு வேறு என்று கூறுவதற்கும் இன்று இடம் குறைந்துவிட்டது. யுலிஸ் நார்டின் நிறுவனம் 2001-இல் எஸ்கேப்மென்ட் சக்கரங்களைச் சிலிக்கானால் செய்தது. 2006-இல் பட்டேக் பிலிப் சிலிக்கானால் ஹேர் ஸ்பிரிங் செய்தது. 2017-இல் ஜெனித், பேலன்ஸ் சக்கரம், ஹேர் ஸ்பிரிங் முதலிய ஏறத்தாழ முப்பது உறுப்புகளின் இடத்தில் ஒரே சிலிக்கான் தகட்டை அமைத்து நொடிக்கு 15 முறை அலையச் செய்தது. 2021-இல் பிரெடரிக் கான்ஸ்டன்ட் அவ்வகைத் தகட்டை நொடிக்கு 40 முறை அலைய வைத்தது. காந்தத்துக்கு அசையாது, எண்ணெய் அதிகம் வேண்டாது என்பன சிலிக்கானின் நற்பண்புகள். ஆனால் வெப்பம் ஏறும்போது அதன் விறைப்பு குறையும். அக்குறையை ஈடுசெய்ய, வெப்பத்தில் விறைப்பு கூடும் இயல்புள்ள சிலிக்கான் டை ஆக்சைடால் அச்சுருளுக்கு மெல்லிய உறை இடப்படுகிறது. குவார்ட்ஸ் படிகமும் சிலிக்கான் டை ஆக்சைடே. படிக ஒழுங்கு உண்டா இல்லையா என்பதே வேறுபாடு. எந்திர இயக்கத்தின் நெஞ்சம் எனப் போற்றப்பட்ட உறுப்பு, எந்தப் பொருளை உயிரற்றது என்று தள்ளினார்களோ அதே பொருளின் போர்வையில் இன்று தன் ஒழுங்கைக் காத்துக்கொள்கிறது.

செய்கோவின் பொறியாளர் யொஷிகாசு அகஹானே 1977-இல் எண்ணத் தொடங்கி, 1999-இல் விற்பனைக்கு வந்த ஸ்பிரிங் டிரைவ் இயக்கம் எல்லைக்கோட்டையே அழித்தது. அதில் மின்கலம் இல்லை. முதன்மைச் சுருள்வில்லே பற்சக்கரங்களை ஓட்டுகிறது. வரிசையின் இறுதிச் சக்கரம் நொடிக்கு எட்டுச் சுற்றாகச் சுழலும்போது சிறிதளவு மின்சாரம் பிறக்கிறது; அம்மின்சாரம் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை அதிரச் செய்ய, மின்சுற்று சக்கரத்தின் வேகத்தைப் படிகத்தின் ஒழுங்கோடு ஒப்பிட்டு, மிகுந்தால் காந்தவிசையால் தடைபோடுகிறது. முள் உண்மையாகவே தாவலின்றி வழுக்கிச் செல்வது இதில்தான். நாளொன்றுக்கு 1 நொடிக்குள் பிழை என்பது அதன் அளவு. 2025-இல் வந்த அதன் புதிய வடிவம் ஆண்டுக்கு 20 நொடி என்ற எல்லையை எட்டியது. இதற்கு உயிர் உண்டா, பாதி உயிரா என்று கேட்பது பொருளற்ற கேள்வியாகும். அப்படியானால் அக்கேள்வி மற்ற இயக்கங்களிடத்தும் பொருளற்றதாகவே இருந்திருக்க வேண்டும்.

சித்தாந்த நூல்கள் ஒரு பொருள் தோன்றுவதற்கு மூன்று காரணங்கள் கூறும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். எந்திரம், குவார்ட்ஸ் என்ற வழக்கமான பிரிவு முதற்காரணத்தையும் துணைக்காரணத்தையும் மட்டுமே பார்த்துச் செய்யப்பட்டது. உயிர் உண்டு என்று உணர்ந்தவர்கள் உண்மையில் உணர்ந்தது நிமித்த காரணத்தின் நிழலை, அதாவது அறிவுடைய ஒருவரின் கையும் கவனமும் பொருளில் தொடர்ந்து நிற்பதை எனலாம். அவர்கள் பிழைத்தது, அதை உலோகச் சுருளுக்குரிய தனியுரிமையாகக் கொண்டதில்.

அந்தத் தொடர்ச்சி எத்தகையது என்பதற்கு, கடிகாரத்தை முன்வைத்தே நடந்த ஒரு சமய விவாதம் ஒளி தருகிறது. ஜெர்மானியத் தத்துவர் லைப்னிட்ஸ் 1715-இல் எழுதிய மடலில், இறைவன் தன் கடிகாரத்துக்கு அவ்வப்போது சாவி கொடுக்கவும் அதைத் துப்புரவாக்கவும் வேண்டியிருக்கும் என்ற பொருள்பட நியூட்டனும் அவரைச் சார்ந்தோரும் பேசுவது இறைவனின் திறனைக் குறைப்பதாகும் என்று குற்றம்சாட்டினார். தேர்ந்த கைவினைஞனின் படைப்புக்குத் திருத்தம் வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. நியூட்டனின் சார்பில் விடையளித்த சாமுவேல் கிளார்க், மனிதக் கைவினைஞன் தன் பொருளிலிருந்து விலகி நிற்பது, அவன் பயன்படுத்தும் விசைகளை அவன் ஆக்கவில்லை என்பதால்தான் என்றும், எல்லாவற்றையும் ஆக்கியவன் இடைவிடாது காத்துநிற்பது குறையாகாது, அவனுடைய பெருமையே என்றும் வாதிட்டார். லைப்னிட்ஸின் 1716-ஆம் ஆண்டு மறைவோடு அவ்விவாதம் முடிவின்றி நின்றது. சைவ சித்தாந்தத்தில் பயின்ற வாசகருக்கு கிளார்க்கின் பக்கம் நன்கு பழகியதாகத் தோன்றும்; இறைவனின் ஐந்தொழில்களுள் படைத்தல் ஒன்று, காத்தல் தனியே மற்றொன்று. காத்தல் வேண்டியிருப்பதால் படைத்தலில் குறை நேர்ந்தது என்று அம்மரபு கருதவில்லை. தோன்றிய எதுவும் காக்கப்பட வேண்டியதே என்று அது கொண்டது.

இந்த அளவுகோலைக் கொண்டு இயக்கங்களைப் பார்த்தால் பிரிவுக்கோடு முற்றிலும் வேறிடத்தில் விழுகிறது. சுவாட்ச் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட நெகிழிக் குவார்ட்ஸ் கடிகாரம் 51 உறுப்புகளே கொண்டது. உறையின் அடிப்பகுதியிலேயே இயக்கம் பொருத்தப்பட்டு, மேற்கண்ணாடி உறையோடு ஒட்டவைக்கப்பட்டதால், மின்கலத்தை மாற்றுவதன்றி வேறு எதையும் திறந்து திருத்த இயலாது. அதே நிறுவனம் 2013-இல் அறிமுகம் செய்த சிஸ்டம்51 முழுக்க எந்திர இயக்கம். சாவி ஏற்றிக்கொள்கிறது, பேலன்ஸ் சக்கரம் அலைகிறது, உயிர் உண்டு என்பார் கூறும் எல்லா அடையாளங்களும் அதில் உள்ளன. ஆனால் அது மனிதக் கை படாமல் முழுவதும் தானியங்கிப் பொறிகளால் கோக்கப்பட்டு, ஆலையிலேயே லேசரால் வேகம் சரிசெய்யப்பட்டு, திறக்க இயலாதபடி மூடப்படுகிறது. நின்றால் மாற்றுவதே வழி. மறுபுறம், செய்கோ 1993-இல் உருவாக்கிய 9எஃப் இயக்கம் முழுக்கக் குவார்ட்ஸ். அதற்குரிய படிகங்கள் மூன்று மாதம் மின்னூட்டத்தில் முதிரவைக்கப்பட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மின்சுற்று நாளொன்றுக்கு 540 முறை வெப்பநிலையை அளந்து வேகத்தைச் சரிசெய்கிறது. ஆண்டுக்கு 10 நொடிக்குள் பிழை. அவற்றினும் குறிப்பிடத்தக்கது, பல ஆண்டுகளில் படிகம் சிறிது மாறினால் பழுதுபார்ப்பவர் திருத்திக்கொள்ள அதில் ஒரு சிறு திருகு அமைந்திருப்பதும், மின்கலம் மாற்றும்போது தூசி புகாதபடி பற்சக்கரங்கள் தனியறையில் வைக்கப்பட்டிருப்பதும் ஆகும். பின்னாளில் வரப்போகும் ஒருவரின் கைக்கு இடம்விட்டுச் செய்யப்பட்ட பொருள் அது. சிஸ்டம்51, 9எஃப் ஆகிய இவ்விரண்டில் எதைக் கைவினையின் பக்கம் சேர்ப்பது என்பதில் ஐயம் எழக் காரணமில்லை.

இங்கு எழும் தடை ஒன்றைப் புறக்கணிப்பது நேர்மையாகாது. திருத்தத்தக்க பொருள் விலையேறியது. மூடப்பட்ட மலிவான குவார்ட்ஸோ, கடிகாரமே வாங்க இயலாதிருந்தவர்களுக்குத் துல்லியமான நேரத்தைக் கொடுத்தது. இந்தியாவில் இது நேரே காணப்பட்ட மாற்றம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகார உற்பத்தியைத் தொடங்கிய அரசு நிறுவனமான எச்எம்டி, சாவி கொடுக்கும் கடிகாரங்களைப் பல தலைமுறைக்கு வழங்கியது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கி ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன், குவார்ட்ஸையே தன் வழியாகக் கொண்டது; எச்எம்டி கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ரயிலைப் பிடிக்கவும் பணிநேரத்துக்குச் செல்லவும் மருந்து கொடுக்கவும் நேரம் அறிய வேண்டியவருக்கு மலிவான துல்லியம் உண்மையான நன்மை; அதை எளிதாக எண்ணுவது வசதி படைத்தோரின் பார்வையாகவே முடியும். ஆனால் மலிவுக்கும் மூடியிருத்தலுக்கும் பிரிக்க முடியாத பிணைப்பு எதுவும் இல்லை. எச்எம்டியின் ஜனதா கடிகாரமும் எளியோர்க்கான விலையில் விற்கப்பட்டதுதான். சிறு ஊர்களின் கடைத்தெருவில் லென்ஸைக் கண்ணில் பொருத்தி அமர்ந்திருந்தவர்களால் அதைத் திறந்து துடைத்து மீண்டும் ஓடச் செய்ய முடிந்தது. சாதாரணக் குவார்ட்ஸ் மெஷின்களையும் உறையிலிருந்து கழற்றி மாற்ற அவர்களால் இன்றும் முடிகிறது. விலையுயர்ந்த எந்திரக் கடிகார நிறுவனங்கள் சிலவோ உதிரிப் பாகங்களைத் தம் அதிகாரபெற்ற பணிமனைகளுக்கு மட்டுமே வழங்கி, வெளியிலுள்ள பழுதுபார்ப்போருக்கு மறுக்கின்றன. கோடிக்கணக்கில் விலைபெறும் கடிகாரமும் அவ்வகையில் மூடிய பொருளே.

ஆகவே குறைந்த துல்லியமுள்ளது உயர்வாகப் போற்றப்படுவதில் உள்ள நியாயமான பகுதி இதுவென முடிவுகட்டலாம்: பிழை உண்டென ஒப்பி, அப்பிழையைத் திருத்தும் வழியைப் பிறருக்கும் திறந்துவைத்த பொருள், பிழையே இல்லாததாகத் தோன்றிப் பிழை நேர்ந்தால் குப்பைக்குச் செல்லும் பொருளைவிட மேலானது. இத்தகுதி எந்திர இயக்கங்கள் பலவற்றுக்கு உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை. குவார்ட்ஸ் இயக்கங்கள் பலவற்றுக்கு இல்லை, சிலவற்றுக்கு நிச்சயமாக உண்டு. சிட்டிசன் 2019-இல் கைக்கடிகாரமாக வெளியிட்ட, ஆண்டுக்கு 1 நொடிக்குள் பிழை என்னும் ஒளியாற்றல் குவார்ட்ஸ் இயக்கமாயினும், ஏறத்தாழ முப்பது உறுப்புகளை ஒன்றாக்கிய சிலிக்கான் தகடாயினும், முப்பது ஆண்டுகள் கழித்து அதைத் திறக்கும் ஒருவருக்கு என்ன வழி விடப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு விடை கூறியாக வேண்டும். தகடு உடைந்தால் அதை ஆக்கிய ஆலையன்றி வேறெவரும் அதை ஆக்க முடியாது என்பது, எத்தனை முறை அலைந்தாலும், அதன் குறைதான்.

கடிகாரம் வாங்குவோர் கடைக்காரரிடம் எந்திரமா குவார்ட்ஸா என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், இதைத் திறந்து பழுதுபார்க்க முடியுமா, இதற்குரிய பாகங்கள் வெளியில் கிடைக்குமா, எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். கேட்பவர் பெருகினால் ஆக்குவோரும் விடையை ஆயத்தம் செய்துகொள்ள நேரும்.